படைப்பிரிவு முத்திரையும் பெயரில்லாத கைகளும்: கெடாவில் 'செருமன் துப்பாக்கி'யை இனங்காணல்

கெடா மாநிலத்தின் பழைமையைப் பற்றி எழுதுவோர் பொறிப்புகளை மதிக்கக் கற்றவர்கள். 1834 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டு, ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ எழுத்தில் புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரையும், அவன் தொழிலையும், அவன் ஊரையும் நமக்குத் தருகிறது. அந்த ஒரு கல்லைக் குறித்து எழுதப்பட்ட பக்கங்கள் பல. ஆனால் அதே நிலப்பரப்பில், நம் பாட்டனார் காலத்தில், நான்கு நாட்டுப் படைகளின் கைகளில் இருந்த துப்பாக்கிகளும் பொறிப்புகளைத் தாங்கியவையே என்பதை வரலாற்று மாணவர்கள் பொதுவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவை 'சப்பான்காரன் துப்பாக்கி', 'வெள்ளைக்காரன் துப்பாக்கி', 'செருமன் துப்பாக்கி' என்னும் மூன்று பெயர்களுக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன. இவற்றுள் மூன்றாவது பெயரே மிகுந்த குழப்பத்துக்கு இடம் தருவது. அப்பெயரை எப்போது ஏற்கலாம், எப்போது மறுக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒரு படைத்துப்பாக்கியில் காணப்படும் குறிகள் மூன்று வகையின. முதலாவது, செய்தவர் குறி. இரண்டாவது, உடைமையாளராகிய அரசின் குறி. மூன்றாவது, அதனைப் பயன்படுத்திய படைப்பிரிவின் குறி. இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால், வெவ்வேறு நோக்கத்துக்காக அடிக்கப்படுபவை. செய்தவர் குறியை உடைமைக் குறியாகக் கொள்வதும், தொழிற்சாலையின் வரிசை எண்ணைப் படைப்பிரிவு எண்ணாகக் கொள்வதும் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழைகள். கோயிற் கல்வெட்டில் கற்றச்சன் பெயரைக் கொடையாளி பெயராகப் படிப்பதற்கு இவற்றை ஒப்பிடலாம்.

செருமானிய முத்திரைகளின் இலக்கணம்

படைப்பிரிவுக் குறியை ஓர் இலக்கணமாகவே வகுத்தவர்கள் செருமானியர். கைக்கருவிகளில் முத்திரையிடுவது குறித்த விதிநூல் 1877 இலும், பின்னர் திருத்திய வடிவில் 1909 இலும் வெளியிடப்பெற்றது. காலாட்படைத் துப்பாக்கி ஒன்றில் '28. ஆர். 10. 143' என்னும் அமைப்பில் ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். 28 ஆம் காலாட்படை ரெஜிமெண்டு, அதன் 10 ஆம் கம்பெனி, அக்கம்பெனியின் 143 ஆவது துப்பாக்கி என்பது அதன் பொருள். ஒரு ரெஜிமெண்டின் முதல் நான்கு கம்பெனிகள் முதற் பட்டாளத்தையும், அடுத்த நான்கு இரண்டாம் பட்டாளத்தையும், 9 முதல் 12 வரையுள்ளவை மூன்றாம் பட்டாளத்தையும் சேர்ந்தவை. ஆகவே வரியில் எழுதப்படாத செய்தி ஒன்றும் நமக்குக் கிடைக்கிறது: அது மூன்றாம் பட்டாளத்தின் துப்பாக்கி. போர்க்காலத்தில் ஒரு கம்பெனியின் ஆள்தொகை ஏறத்தாழ 250 ஆதலின், கடைசி எண் 143 என்பது இயல்பானது. அவ்விடத்தில் 7,000 என்பது போன்ற ஓர் எண் இருக்குமாயின், படிப்பவர் வேறு ஏதோ குறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

பெரும்பாலும் அவர் பார்த்துக்கொண்டிருப்பது தொழிற்சாலை வரிசை எண்ணாகவே இருக்கும். செருமானியத் தொழிற்சாலைகள் பத்தாயிரத்தைத் தாண்டி எண்ணிக்கொண்டே போகவில்லை. பத்தாயிரம் முடிந்ததும் எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, அருகே ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். ஆண்டு மாறியதும் எழுத்தில்லாமல் மறுபடியும் தொடங்கினார்கள். ஆகையால் ஒரே எண்ணும் எழுத்தும் கொண்ட துப்பாக்கிகள் பல இருக்கக்கூடும். ஆண்டையும் தொழிற்சாலையையும் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வெண் ஒரு துப்பாக்கியைச் சுட்டும். அரசுத் தொழிற்சாலைகள் சுபாண்டாவ், எர்ஃபுர்ட், டான்சிக் ஆகிய இடங்களிலும், பவேரியாவுக்குரியது அம்பெர்க்கிலும் இருந்தன. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃபில் மௌசர் நிறுவனம் இருந்தது. இப்பெயர்கள் தோட்டா அறையின் மேற்புறத்தில் ஆண்டோடு இருக்கும். அவற்றால் துப்பாக்கி பிறந்த இடம் மட்டுமே தெரியவரும்.

தோட்டா அறையின் பக்கவாட்டில் கிரீடமும் அதன்கீழ் ஓர் எழுத்துமாகச் சிறு முத்திரைகள் வரிசையாக அமையும். இவை தரஆய்வாளரின் குறிகள். பார்வைக்கு மிகவும் கம்பீரமாக இருப்பதால் இவற்றையே அரச குடும்பப் படையின் சின்னமாகக் கருதி மயங்குவோர் உண்டு. படைப்பிரிவுக் குறி இத்தகைய அழகற்றது, படைமுகாமில் சுத்தியலால் அடிக்கப்பட்டது, கோணலாகவும் இருக்கும். பழைய வகைத் துப்பாக்கிகளில் அதனைக் கட்டையின் அடித்தகட்டிலும், குழலைக் கட்டையோடு பிணைக்கும் உலோக வளையத்திலும் தேடவேண்டும். 1898 ஆம் ஆண்டு வகையில் கட்டையின் பக்கத்தில் பதித்த உலோக வட்டத்தில் தேடவேண்டும். முதல் உலகப் போரின் நடுவில் அந்த வட்டத்தின் இடத்தில், சுடும் ஊசியைக் கழற்றுவதற்குத் துணைசெய்யும் துளையுள்ள உறுப்பு வந்துவிட்டது. அத்தகைய துப்பாக்கியில் படைப்பிரிவுக் குறி இல்லையே என்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அதற்குரிய இடமே இல்லாமற் போனது.

எழுத்து அச்சு வடிவில் உள்ளதா, சாய்ந்த கையெழுத்து வடிவில் உள்ளதா என்பதும் இவ்விலக்கணத்தில் பொருள் தரும். முன்னால் 'பி' என்னும் எழுத்து நின்றால் பவேரியப் படை. 'யு' உலான் எனப்படும் ஈட்டிக் குதிரைப்படையையும், 'எச்' ஹுசார் குதிரைப்படையையும் குறிக்கும். துப்பாக்கி ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும்போது பழைய வரியின்மேல் கோடிழுத்துப் புதிய வரியை அடித்தார்கள். கோடிழுத்த வரியே வரலாற்றாசிரியனுக்குப் பெரிதும் பயன்படுவது. ஓலைச்சுவடியில் அடித்துத் திருத்திய இடம் போல, மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று.

எம்டனும் சயாமியச் சக்கரமும்

இவ்வளவு தெளிவான முத்திரை கெடாவுக்கு எவ்வழியில் வந்திருக்கக்கூடும்? தமிழர்க்கு உடனே நினைவுக்கு வருவது எம்டன். கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் அப்போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. அதே ஆண்டு அக்டோபர் 28 விடியற்காலையில், கெடாக் கடற்கரைக்கு எதிரே உள்ள பினாங்குத் துறைமுகத்தில் 'செம்சுக்' என்னும் ருசியக் கப்பலையும், வெளியேறும் வழியில் 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் நிலைத்தது. 2006 ஆம் ஆண்டில்கூட ஒரு தமிழ்த் திரைப்படம் 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்டது. சொல் நிலைத்ததனால் பொருளும் இங்கே நிலைத்திருக்கும் என்று எண்ணுவது பொருந்தாது. எம்டனின் ஆட்கள் பினாங்கிலோ கெடாவிலோ கரையிறங்கவில்லை. அவர்கள் கரையிறங்கியது நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுக்கூட்டத்தில். பிடிபட்ட செருமானியருள் சிலர் சிங்கப்பூர் தங்ளின் முகாமில் வைக்கப்பட்டனர் எனினும், அவர்கள் ஆயுதம் பறிக்கப்பட்ட கைதிகள். மேலும், செருமானியக் கடற்படை தன் ஆயுதங்களில் கிரீடத்தின்கீழ் 'எம்' என்னும் எழுத்தைப் பொறித்து வந்தது. காலாட்படை ரெஜிமெண்டின் எண்ணைத் தாங்கிய துப்பாக்கி ஒன்றை எம்டனோடு தொடர்புபடுத்திக் கூறினால், அக்கூற்றை முத்திரையே மறுத்துவிடும்.

கெடாவின் 'செருமன் துப்பாக்கி'க்கு நாம் தெற்கேயும் மேற்கேயும் பார்ப்பதை விடுத்து வடக்கே பார்க்கவேண்டும். 1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றின்மீது சயாம் கொண்டிருந்த மேலாண்மை பிரிட்டனுக்கு மாறியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சயாம் தன் படைக்கு மௌசர் அமைப்பிலான துப்பாக்கியை ஏற்றிருந்தது. சயாமியப் புத்த ஆண்டு 2445, 2446 ஆகியவற்றின் கடைசி இரண்டு எண்களால் அவை வகை 45, வகை 46 எனப் பெயர்பெற்றன; அதாவது 1902, 1903. அமைப்பு செருமானியருடையது, ஆனால் செய்தது தோக்கியோவின் கோயிசிகாவா ஆயுதச்சாலை. சப்பானியக் காலாட்படையின் வகை 38 துப்பாக்கியும் அதே சாலையில் செய்யப்பட்டதே. ஆக, 1940களில் கெடாத் தோட்டத்து மக்கள் கண்ட இருவேறு அந்நியப் படைகளின் துப்பாக்கிகள் ஒரே பட்டறையில் பிறந்தவையாகவும் இருந்திருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. சப்பானியத் துப்பாக்கியின் தோட்டா அறைமேல் பதினாறு இதழ்ச் செவ்வந்திப்பூ இருக்கும். 1945 இல் சரணடைந்தபின் கையளிக்கப்பட்டவற்றுள் பலவற்றில் அது அராவப்பட்டிருக்கும். சயாமியத் துப்பாக்கியில் அவ்விடத்தில் இருப்பது சக்கரம், சக்கரி வம்சத்தின் சின்னம். திருமாலின் ஆழியே இது என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த அறிமுகமே ஓர் ஆபத்து. சக்கரத்தைக் கண்டவுடன் அதனை இந்திய தேசிய இராணுவத்தின் குறி என்று கொண்டுவிடும் உந்துதல் நமக்கு எளிதில் எழும். அசோகச் சக்கரம் இந்தியக் கொடியில் ஏற்கப்பட்டது 1947 சூலை 22 அன்று. நேதாசியின் தற்காலிக அரசு ஏற்றிய மூவண்ணக் கொடியில் இருந்தது இராட்டை. இரும்பில் பொறித்த சக்கரம் பாங்காக்கைச் சுட்டுமேயன்றி இம்பாலைச் சுட்டாது.

சயாமியத் துப்பாக்கிகளில் எண்கள் சயாமிய இலக்கங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்து கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது; புத்தகுப்தன் கல்வெட்டைப் படித்த கண்ணுக்கு அது முற்றிலும் அந்நியமன்று. எனினும் நான்கும் ஐந்தும் ஒரு சிறு மடிப்பால் மட்டுமே வேறுபடுகின்றன. தேய்ந்த இரும்பில் அம்மடிப்பு மறைந்தால் 45 என்பது 44 ஆகவும் 55 ஆகவும் படிக்கப்பட்டுவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நிழற்படமின்றி இவ்வெண்களைப் படிக்க முயல்வது வீண்வேலை.

இத்துப்பாக்கிகள் கெடாவுக்குள் வரக்கூடிய வழி 1943 இல் மீண்டும் திறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 20 அன்று செய்துகொண்ட உடன்படிக்கைப்படி சப்பான் நான்கு வட மாநிலங்களையும் தாய்லாந்துக்கு அளித்தது. அக்டோபர் 18 அன்று கைம்மாற்றம் நடந்தது. கெடா மறுபடியும் 'சைபுரி' ஆயிற்று. தாய்லாந்து அதிகாரிகளும் படையினரும் 1945 வரை இங்கிருந்தனர். மௌசர் வகைத் துப்பாக்கிகள் அப்படையின் வழக்கில் அப்போதும் இருந்தன. ஆகவே கெடாவில் 'செருமன்' என்று பெயர்பெற்ற பழந்துப்பாக்கி ஒன்று கிடைக்குமாயின், ரெஜிமெண்டு வரியைத் தேடுவதற்கு முன் சக்கரத்தைத் தேடுவதே முறை என்பது நம் கருத்து.

ஜித்ராவில் சிதறியவை

மேற்கண்ட கைம்மாற்றத்துக்கு மூன்றே நாள்களுக்குப் பின், 1943 அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் பீடோங்கிலோ கூலிமிலோ பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர், தாய்லாந்துக் கொடியின்கீழ், சப்பானியப் படையின் பிடியில், தம்மைக் குடிமகனாக உரிமைகோரும் ஓர் இந்திய அரசின் அழைப்பையும் கேட்டுக்கொண்டு வாழ்ந்தார். அவர் உறவினர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். துப்பாக்கியைப் பற்றிய அவர் நினைவு பெரும்பாலும் அதன் முன்புறத்திலிருந்து பார்த்த நினைவு.

ஆயினும் தோட்டத்து இளைஞர் பலர் அதன் பின்புறத்துக்கும் சென்றார்கள். 1943 சூலையில் சுபாசு சந்திர போசு தலைமை ஏற்றபின் மலாயாவின் தோட்டங்களிலிருந்து திரளான தமிழர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது எந்தத் துப்பாக்கி? இங்கும் 'செருமன்' என்னும் விடை எளிதில் வந்துவிடக்கூடும். ஏனெனில் போசு செருமனியில் இந்தியப் படையணி ஒன்றை அமைத்திருந்தார். 950 ஆம் காலாட்படை ரெஜிமெண்டு எனப் பெயர்பெற்ற அப்படையணி செருமானிய ஆயுதம் தாங்கியது உண்மை. ஆனால் அது ஐரோப்பாவிலேயே இருந்தது. போசு நீர்மூழ்கியில் கிழக்கே வந்தார். மலாயாவில் அமைந்த படைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிரிட்டிசாரிடமிருந்து சப்பானியர் கைப்பற்றியவை.

அவ்வாறு கைப்பற்றப்பட்டவற்றுள் முதல் அறுவடை கெடாவிலேயே நடந்தது. 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவிலும், அதனை அடுத்து குரூணிலும், 11 ஆம் இந்திய டிவிசன் உடைந்தது. ஆசூனில் டாங்கிகள் புகுந்ததால் சிதறியது 14 ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளம். அப்பட்டாளத்தின் கேப்டன் மோகன் சிங்கே பின்னர் சப்பானியரிடம் சென்று இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வடிவத்தைத் தோற்றுவித்தவர்; அந்தப் பேச்சு நடந்தது அலோர் ஸ்டாரில். வயல்களிலும் ரப்பர்க் காடுகளிலும் வாய்க்கால்களிலும் அப்படைகள் விட்டுச்சென்றவை லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள்.

இவற்றின் குறிகளும் மூன்று அடுக்கானவையே. கட்டை தொடங்கும் இடத்து உலோகத்தில் கிரீடமும், 'ஜி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துகளும், இசாப்பூர் என்னும் பெயரும், ஆண்டும் இருந்தால் அது வங்காளத்தில் செய்யப்பட்ட துப்பாக்கி. படைப்பிரிவுக் குறிக்கு முந்திய காலத்தில் கட்டையின் வலப்பக்கத்தில் பித்தளை வட்டம் ஒன்று இருந்தது. செருமானியர் கம்பெனிவரை சொன்னதுபோல் இந்தியப் படை எப்போதும் சொல்லவில்லை. சொன்ன இடத்திலும் 1922 ஆம் ஆண்டை மறந்துவிடக் கூடாது. அவ்வாண்டுச் சீரமைப்பில் 19 ஆம் பஞ்சாபியர் படை 14 ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளமாகவும், 40 ஆம் பட்டாணியர் படை அதன் ஐந்தாம் பட்டாளமாகவும் மாறின. எனவே 19 என்னும் பழைய எண்ணும் 14 என்னும் புதிய எண்ணும் ஒரே படையைச் சுட்டக்கூடும். எண்ணை மட்டும் நோக்கி இரு வேறு படைகள் என்று எழுதிவிடுவது எளிது.

நம் கருத்தில் இத்துறையின் மிகப் பெரிய சிக்கல் இதற்கும் அப்பாற்பட்டது. 1941 இல் பஞ்சாபிச் சிப்பாய் ஒருவர் கீழே போட்ட துப்பாக்கி, 1943 இல் கெடாத் தோட்டத்துத் தமிழ் இளைஞர் ஒருவரின் கைக்கு வந்திருக்கலாம். தமிழ் இளைஞருக்காக அதில் எவரும் புது வரி அடிக்கவில்லை; பழைய வரியின்மேல் கோடும் இழுக்கவில்லை. இன்று அத்துப்பாக்கியை முத்திரையை மட்டும் கொண்டு இனங்காணும் ஆய்வாளர் அதனைப் பஞ்சாப் ரெஜிமெண்டின் கணக்கில் எழுதுவார். அவர் படித்தது சரியே. ஆயினும் கடைசியாக அதைத் தோளில் சுமந்தவர் அக்கணக்கில் இல்லை. கல்வெட்டு, புத்தகுப்தனின் பெயரையும் ஊரையும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் காத்துவந்துள்ளது. துப்பாக்கி முத்திரையோ, மிகத் தெளிவான செருமானிய வடிவத்திலும், கம்பெனியையும் கருவியையும் எண்ணுமேயன்றி ஆளின் பெயரைச் சொல்லாது. ஆகையால் முத்திரைப் படிப்பு ஒரு துப்பாக்கியின் தொடக்க காலத்துக்கு உறுதியான சான்று; அதன் பிற்காலத்துக்கு அது சான்றே அன்று. பிற்காலத்தை எழுத வாய்மொழியும் குடும்பத்தாரிடம் உள்ள நிழற்படமும் வேண்டும். இவ்விரண்டு வகைச் சான்றுகளையும் ஒரே பதிவில் சேர்த்து எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் உருவாகவில்லை.

பொருள்கள் ஏன் அரிதாயின

பொருள்களே அரிதாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதற்குமுன், 1946-47 இல் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை இந்திய தேசிய இராணுவத்தில் கற்ற அணிவகுப்பைத் தோட்டங்களில் நடத்தி, கள்ளுக்கு எதிராகவும் தொழிலாளர் உரிமைக்காகவும் இயங்கியபோதே காவல்துறையின் கண் கெடாத் தோட்டங்களின்மீது விழுந்திருந்தது. அத்தகைய சூழலில் போர்க்காலத் துப்பாக்கி ஒன்றை எவரும் நினைவுப் பொருளாகப் பாதுகாக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். கிணறும் ஆறுமே அவற்றுக்குப் பாதுகாப்பான இடம். ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் முதல் உலகப் போரின் செருமானியத் துப்பாக்கிகள் போர்வெற்றிச் சின்னங்களாக ஊர்தோறும் பகிர்ந்தளிக்கப்பட்டன. முத்திரைப் படிப்பு அங்கே செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றும் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971 ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. நிலம் திருத்தும்போதோ கால்வாய் தூரெடுக்கும்போதோ துருவேறிய துப்பாக்கி கிடைத்தால் அதைத் தொடாமல் காவல்துறைக்கு அறிவிப்பதே சட்டம் வேண்டுவது. உள்ளே தோட்டா இருக்கக்கூடும் என்பதால் அறிவும் அதையே வேண்டுகிறது. வரலாற்று மாணவர் செய்யக்கூடியது, காவல்துறையின் இசைவோடு நிழற்படம் எடுப்பதுதான்: முதலில் தோட்டா அறையின் மேற்புறம், பின் அதன் இரு பக்கங்கள், பின் வளையங்கள், கட்டையின் வலப்பக்கம், இறுதியாக அடித்தகடு. துருவைச் சுரண்டக் கூடாது. ஆழமில்லாத முத்திரை துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். கிடைத்த இடத்தின் பெயரைப் பழைய தோட்டப் பெயராலும், தமிழர் அத்தோட்டத்தை அழைத்த பெயராலும் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்ட சுங்கை பட்டாணிப் பகுதியில், 'மூன்றாம் கட்டை' என்றோ 'பழைய லயம்' என்றோ சொல்லப்படும் இடத்தை நிலவரைபடத்தில் காட்டக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.